கூட்டம்தான் பயம் என்கிறவருக்குக் குழு சிகிச்சையா?

கேள்வி: எனக்கு 27 வயது. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் குரல் நடுங்குகிறது, கை வியர்க்கிறது. அலுவலகக் கூட்டங்களில் வாயே திறப்பதில்லை. மனநல மருத்துவர் இதைச் சமூகப் பதற்றம் என்று சொல்லி, குழு சிகிச்சையில் சேரச் சொல்கிறார். கூட்டம்தானே என் பிரச்சினை? அங்கே போனால் இன்னும் மோசமாகிவிடாதா?

பதில்: குழு என்றதும் வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவரையும் எழுப்பி, சொந்தக் கதையைச் சொல்லவைப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சமூகப் பதற்றத்துக்கான குழு அப்படி இருக்காது. பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குவது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அதை ஒட்டி, ரிச்சர்ட் ஹைம்பெர்க் என்ற உளவியலாளர் 1980களில் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். ஏறக்குறைய ஆறு பேர், இரண்டு சிகிச்சையாளர்கள், வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேரம், மொத்தம் 12 வாரம். இன்றும் பல குழுக்கள் இதைச் சற்றே மாற்றி நடத்துகின்றன. முதல் ஓரிரு வாரங்கள் பெரும்பாலும் விளக்கத்திலேயே போய்விடும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. உங்கள் விஷயத்தில் அலுவலகக் கூட்டத்தையே அங்கே நடித்துப் பார்க்கலாம். தொடங்குமுன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதைச் சொல்ல வேண்டும்: “என் குரல் நடுங்கும், எல்லோரும் அதையே கவனிப்பார்கள்.” பேசும்போது நடுநடுவே பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை ஓர் எண் கொடுப்பீர்கள். முடிந்ததும் மற்றவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். உங்களுக்கு 80 என்று தோன்றிய நடுக்கம் அவர்கள் கண்ணில் படாமலேயே போயிருக்கலாம். பட்டிருந்தாலும், “ஆமாம், கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நீங்கள் சொன்னது புரிந்தது” என்பதோடு விஷயம் முடிந்துவிடும். இதையே சிகிச்சையாளர் தனியறையில் சொன்னால், ‘அவர் ஆறுதலுக்குச் சொல்கிறார்’ என்று மனம் தள்ளிவிடும். அதே பயத்தோடு வந்த நாலைந்து பேர் சொல்லும்போது அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. அந்த அறையில் கூட்டம் இருப்பதே இதற்குத்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சொல்லப்போகும் வாக்கியத்தை மனதுக்குள் பத்து தடவை ஒத்திகை பார்ப்பது, கண்ணைத் தவிர்ப்பது, கை நடுங்குவது தெரியாமல் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பது எல்லாம் நம்மைக் காப்பாற்றுவதாகத் தோன்றும். உண்மையில் பயத்தை உயிரோடு வைத்திருப்பவை இவைதான். கூட்டம் நல்லபடி முடிந்தாலும், ‘இப்படிச் செய்ததால்தான் சமாளித்தேன்’ என்று அந்தப் பெயரை உத்தியே தட்டிக்கொண்டு போய்விடும். ஆபத்தே இல்லை என்பது தெரியாமலே போய்விடும். ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்து 12 வாரத்தைக் கடத்துவதும் இதே ரகம்.

சரி, குழு ஒத்துவராவிட்டால்? எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைத்தான் முதலில் சொல்கிறது. குழுவிலும் பலன் உண்டு, ஆனால் தனிநபர் சிகிச்சையின் பலன் அதைவிடக் கூடுதல் என்பது அதன் கணிப்பு. எனவே, “குழுதான் ஒரே வழி” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பவே முடியாத நிலை, கடுமையான மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் இருந்தால், முதலில் மருத்துவரிடம் தனியாகப் பேசுவதே சரி. உங்களைப் போல வேலைக்குப் போய்வருகிறவருக்குக் குழு தாங்கக்கூடியதுதான் என்பது என் கருத்து.

சேருமுன் சிகிச்சையாளரைத் தனியாக ஒரு முறை சந்திக்கக் கேளுங்கள். எத்தனை பேர், எல்லோருக்கும் இதே பிரச்சினையா, உள்ளே பேசுவது வெளியே போகாது என்ற விதி உண்டா, வீட்டுப் பயிற்சி தருவார்களா என்று விசாரியுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் நான் யோசிப்பேன். பயிற்சி அந்த அறையோடு நின்றுவிட்டால் அலுவலகத்தில் ஒன்றும் மாறாது. பதற்றம் தணிய மது குடித்துவிட்டுப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். மருத்துவர் எழுதிய மாத்திரை இருந்தால் அதை நிறுத்தாதீர்கள். மாத்திரையும் குழு சிகிச்சையும் சேர்ந்தே போகலாம்.

ஆரம்ப நாட்களில் வீட்டுக்கு வந்ததும், ‘அதை ஏன் சொன்னேன், எப்படிச் சிரித்தார்கள்’ என்று மனம் படம் ஓட்டும். விட்டுவிடலாம் என்று தோன்றுவதும் அப்போதுதான். அன்றிரவு எந்த முடிவும் எடுக்காமல், அடுத்த வாரம் அதையே குழுவில் சொல்லிப் பாருங்கள். மற்றவர்களில் சிலருக்கும் அந்த இரவு அப்படியே கழிந்திருக்கலாம்.

சேருவதற்குப் போன் செய்வதே பயமாக இருந்தால், மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தச் சிகிச்சையை நடத்துகிறவர்களுக்கு அது பழகிய விஷயம்.