பழைய வாஷிங் மெஷின்: எந்த விலை நியாயம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "இது எவ்வளவு பெறும்?" மாடல் எண் இல்லை, தகட்டின் படம் இல்லை. அவற்றை ஒதுக்கிவிட்டேன். மற்றவை கீழே.

கே: என் ரிங்கர் மெஷின் (இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுத் துணியைப் பிழியும் பழைய வகை) தகட்டில் 1910 என்று பொறித்திருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் என்று விலை வைக்கலாமா?

வைக்கக் கூடாது. அது காப்புரிமை (பேட்டன்ட்) பெற்ற தேதி, மெஷின் செய்த ஆண்டு அல்ல. ஒரே தகட்டில் நாலைந்து தேதிகள்கூட இருக்கும். கடைசித் தேதிக்கு முன்னால் அந்த மெஷின் வந்திருக்க முடியாது, அவ்வளவுதான் அதிலிருந்து தெரியும். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் இன்னொரு துப்பு உண்டு: 1927-இல் சட்டம் மாறி, தேதிக்குப் பதில் காப்புரிமை எண் பொறிக்க வேண்டியதாயிற்று. ரிங்கர் என்றாலே அரிய பொருள் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு தகவல்: மேடேக் நிறுவனம் 1983 வரை ரிங்கர் மெஷின் செய்துகொண்டிருந்தது.

கே: விற்பவர் "நன்றாக ஓடுகிறது" என்றார். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுற்றியது. கேட்ட விலையைக் கொடுக்கலாமா?

தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா? ஒவ்வொரு முறையும் இதைத்தான் எழுதுகிறேன், ஒவ்வொரு முறையும் யாராவது ஊற்றாமல் வாங்குகிறார்கள். தொட்டி நிறைந்து பாரம் ஏறிய பிறகுதான் சீல் ஒழுகும், கியர் பாக்ஸ் உறுமும். என் தோராயக் கணக்கு இது: தண்ணீரும் துணியுமாக அரை மணி நேரம் ஓடினால் முழு விலை, வெறும் மோட்டார் சுற்றினால் பாதி, சுற்றவே இல்லையென்றால் கால். அதற்கும் முன்னால் ஒயரைப் பாருங்கள். துணி சுற்றிய பழைய ஒயரில் உள்ளே இருக்கும் ரப்பர் பொடிந்து போயிருக்கும். அதைப் பார்க்காமல் பிளக்கைச் சொருகாதீர்கள்.

கே: ரெஸ்டோர் செய்ய ஆன செலவோடு என் உழைப்பையும் சேர்த்து விலை கேட்கிறேன். யாரும் வாங்கவில்லை.

வாங்க மாட்டார்கள். சீல், பேரிங், ஒயர் மாற்றிய செலவை ரசீதோடு கேளுங்கள், நியாயம். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு யாரும் கூலி தர மாட்டார்கள். அப்புறம், புது பெயின்ட் அடித்ததை வேறு பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அசல் பீங்கான் எனாமல் 800 டிகிரி வாக்கில் சூளையில் சுட்டு ஏற்றியது. நாலு இடத்தில் சில்லுப் பெயர்ந்த அசல் எனாமலுக்குத்தான் சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். பளபளக்கும் ஸ்பிரே பெயின்ட்டைப் பார்த்தால், அடியில் எந்தத் துருவை மறைத்தார் என்றுதான் யோசிப்பார்கள்.

கே: ரிங்கர் உருளையில் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. எவ்வளவு குறைக்கலாம்?

புது உருளையின் விலையை. அழுத்தத்தைத் தளர்த்தாமல் வருடக்கணக்கில் விட்டால் இப்படித்தான் ஆகும்.

கே: முழு மெஷினாக விற்றால் ஒரு பங்கு, பிரித்து விற்றால் இரண்டு பங்கு கிடைக்கிறது. என் பொருள், நான் பிரிக்கிறேன். இதில் என்ன தவறு?

சட்டப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த "இரண்டு பங்கு" எப்படி வருகிறது என்று பாருங்கள். டைமர் போகும், தொட்டிக்குள் துணியை அலசும் அஜிடேட்டர் போகும், பெயர்ப் பட்டை போகும். மிச்சமுள்ள தொட்டி, கூடு, கால்கள் எல்லாம் உங்கள் கொட்டகையில் கிடந்து கடைசியில் பழைய இரும்புக்குப் போகும். பேக்கிங் செலவையும் காத்திருக்கும் மாதங்களையும் கழித்தால், இரண்டு பங்கு ஒன்றேகால் ஆகிவிடும்.

இதனால் என்ன நடக்கிறது என்பதற்கு மேடேக் எஞ்சினே சாட்சி. மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்காக, காலால் உதைத்துக் கிளப்பும் சின்ன பெட்ரோல் எஞ்சின் வைத்த மெஷின்களை அந்த நிறுவனம் விற்றது. ஒற்றை சிலிண்டர் மாடல் 92, பிறகு இரட்டை சிலிண்டர் மாடல் 72. எஞ்சின் சேகரிப்பவர்கள் எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு, அலுமினியத் தொட்டியைத் தூக்கிப் போட்டார்கள். இன்று எஞ்சின் தேடினால் சுலபமாகக் கிடைக்கிறது. அசல் எஞ்சினோடு முழு மெஷின் தேடிப் பாருங்கள்.

எதைப் பிரிக்கலாம்? கூடு துருவேறி ஓட்டை விழுந்தது, தொட்டி விரிசல் விட்டது, ஏற்கனவே கியர் பாக்ஸ் இல்லாதது. இவற்றைத் தாராளமாகப் பிரியுங்கள். உதிரிக்காக வாங்கும் மெஷினுக்கு, ஓடும் மெஷின் விலையில் கால் பங்குக்கு மேல் கொடுக்கவும் வேண்டாம். குறையில்லாத மெஷினை முதலில் ரெஸ்டோர் செய்பவர்களிடம் சொல்லி, ஒரு மாதமாவது காத்திருங்கள். "நான் ஓட வைக்கப் போகிறேன்" என்று பெரியவர்களிடம் சொல்லிப் பாதி விலைக்கு வாங்கி, அதே வாரம் பிரித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் வியாபாரம் இல்லை, ஏமாற்று. அவர்கள் எனக்குக் கேள்வி அனுப்ப வேண்டாம்.

கே: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மெஷின். எங்கள் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் முழு விலை தரலாம்தானே?

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடும் ஏறும். டைமரும் பின்தங்கும், 10 நிமிடத் துவைப்பு 12 நிமிடம் ஆகும். மோட்டார் மாற்றும் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.

கே: தோர் (Thor) நிறுவனத்தின் 1940-களின் ஆட்டோமாஜிக் மெஷின். பாத்திரம் கழுவும் தொட்டி இல்லை, துணித் தொட்டி மட்டும் இருக்கிறது. விலை குறையுமா?

நிறையக் குறையும். துணியும் பாத்திரமும் ஒரே மெஷினில் என்பதுதான் அதன் விசேஷமே. அந்தத் தொட்டியும் தட்டு அடுக்கும் இல்லாவிட்டால் அது இன்னொரு துணி மெஷின்.

கே: இதே மாடலுக்கு ஒருவர் மூன்று மடங்கு விலை போட்டிருக்கிறார்.

போடட்டும். எத்தனை மாதமாகப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். கைமாறிய விலையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கே: ஆரம்பகால பென்டிக்ஸ் வாஷிங் மெஷின் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

1937-இல் வந்த அந்த முன்கதவு மெஷினில் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு கிடையாது. தரையில் போல்ட் போட்டு இறுக்கித்தான் ஓட்ட வேண்டும். நீங்கள் வைக்கப் போவது கான்கிரீட் தரையிலா, மாடியில் மரத் தளத்திலா? அதை எழுதாமல் என்னிடம் கேட்டு என்ன பயன்?