வாங்கக் கிடைக்காத படம்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் எங்கள் ஊருக்கு ஒரு சிறிய தமிழ்ப் படம் வந்தது. இரவு பத்தேகால் மணிக்கு ஒரே ஒரு காட்சி. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருந்தேன், சனிக்கிழமையே தூக்கிவிட்டார்கள். நான் சந்தா கட்டும் மூன்று ஓடிடி தளங்களிலும் அது இல்லை. கடைசியில் என் மகன் டெலிகிராமில் இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தான். திரையரங்கில் ஒளிந்து எடுத்த பிரதி. நடுவில் ஒருவர் எழுந்து போகிறார், மேலே சூதாட்டத் தளம் ஒன்றின் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் முழுதாகப் பார்த்தேன். நல்ல படம். முப்பது ஆண்டு அரசுப் பணியில் ஒரு ரூபாய் கைநீட்டி வாங்காதவன் நான். செய்தது திருட்டா? தயாரிப்பாளருக்குப் பணம் அனுப்ப வழி உண்டா?

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

சட்டப்படி அந்தப் பிரதி திருட்டுப் பிரதிதான். அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்களைப் போன்ற ஒருவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்ற கேள்வியைத் திரையுலகம் கேட்பதாகத் தெரியவில்லை. அதன் மனத்தில் இருப்பவர், வெள்ளிக்கிழமை வெளியான நட்சத்திரப் படத்தை அன்று மாலையே கைப்பேசியில் பார்த்துவிட்டு டிக்கெட் காசு மிச்சம் என்று மகிழ்கிறவர். அவருக்காக நான் வாதாட மாட்டேன். பெரும்பாலான பெரிய படங்கள் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன, அவர் பொறுத்திருக்கலாம்.

நீங்கள் பொறுத்திருந்தும் பயனில்லை. கொரோனா காலத்தில் வந்த படங்களையெல்லாம் வாங்கிக் குவித்த ஓடிடி நிறுவனங்கள் பின்னர் கையைச் சுருக்கிக்கொண்டன. பெரிய நடிகர் இல்லாத படம், திரையரங்கில் ஓடிய நாட்களைக் காட்டித்தான் விலை பேச வேண்டியிருக்கிறது. இரவுக் காட்சி ஒன்றோடு சில நாளிலேயே திரையரங்கிலிருந்து தூக்கப்பட்ட படத்துக்கு என்ன விலை கிடைக்கும்? உரிமை விற்கப்படாமல் மாதக்கணக்கில் கிடக்கும் அந்தப் படத்தை, நீங்கள் பணத்தோடு நின்றாலும் உங்களுக்கு விற்பதற்கு ஆளில்லை. பழைய படங்களின் நிலை இன்னும் மோசம். நெகட்டிவ் உரிமை எனப்படும் முழு உரிமை பல கைமாறி, யாருடையது என்றே தெரியாமல் போனவை எத்தனையோ. யூடியூபில் கிடைப்பவற்றிலும் பல, சதுரமான படத்தை அகலத்திரைக்காக இழுத்து, ஆட்களையெல்லாம் குள்ளமாக்கி ஏற்றியவை.

தமிழனுக்குக் காசு கொடுத்துப் பார்க்கும் பழக்கமே இல்லை என்பார்கள். 2007இல் மோசர் பேயர் நிறுவனம் பழைய படங்களின் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது, அவை மளிகைக் கடையில்கூடத் தொங்கின. திருட்டு விசிடி கொடிகட்டிப் பறந்த காலம் அது. நானே மாதம் நான்கைந்து வாங்குவேன். உறை பிரிக்காத சில இன்னும் அலமாரியில் இருக்கின்றன.

புதிய படத்துக்கும் அப்படியொரு வழியைச் சிலர் முயன்றார்கள். 2013இல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச் வழியாக வீடுகளுக்கே தர முனைந்தபோது திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். திட்டமிட்டபடி அது நடக்கவில்லை. 2015இல் சேரன் 'சினிமா டு ஹோம்' என்ற பெயரில் தம் படத்தின் டிவிடியை 50 ரூபாய்க்கு முகவர்கள் மூலம் வீடுவீடாக விற்கத் தொடங்கினார். அதுவும் நீடிக்கவில்லை. தண்டனைக்கோ குறைவில்லை. குண்டர் சட்டத்தில் 2004இல் வீடியோ திருடர்களைச் சேர்த்தார்கள். 2023இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, திரையரங்கில் படம் பிடிப்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்றார்கள். தண்டனைக்குச் செலவிட்ட கவனத்தில் பாதியை விற்பனைக்குச் செலவிட்டிருந்தால், உங்கள் மகன் டெலிகிராமைத் திறந்திருக்க மாட்டான்.

பணம் அனுப்பும் வழி கேட்டிருக்கிறீர்கள். நானறிந்த வரையில் அப்படி ஏற்பாடு ஏதும் இல்லை. இப்போது சில சிறிய படங்கள் மாதக்கணக்கில் காத்திருந்து, சந்தா இல்லாமல் வாடகைக்குப் பார்க்கும் தளங்களுக்கு வருகின்றன. உங்கள் படம் அப்படி வந்தால், ஒருமுறை பார்த்தாயிற்று என்று விட்டுவிடாமல் வாடகையைக் கட்டிவிடுங்கள். அதே இயக்குநரின் அடுத்த படம் வரும்போது ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள், பத்தேகால் மணிக் காட்சியானாலும்.