ஓட்ஸ் கஞ்சி: நெல்லை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

உளுந்தங்கஞ்சி பற்றிப் போன முறை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓட்ஸைப் பற்றியவை. பாளையங்கோட்டையில் நான் உணவு ஆலோசனை தொடங்கிய காலத்தில் இந்தப் பெயரையே யாரும் கேட்டதில்லை. இப்போது கடையம், களக்காடு பக்கத்துச் சின்னக் கடைகளிலும் பாக்கெட் தொங்குகிறது. ஆனால் அதை எப்படிச் சமைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பாலில் கொதிக்கவைத்து, சீனி போட்டு, மருந்து மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார்கள். நம் ஊரில் கஞ்சி காய்ச்சத் தெரியாத வீடு கிடையாது. அந்தக் கைப்பக்குவத்தையே இதிலும் காட்டலாம்.

கடையில் ஸ்டீல் கட், ரோல்டு, குயிக், இன்ஸ்டன்ட், மசாலா என்று விதவிதமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?
(வண்ணார்பேட்டை வாசகி)

முதல் நான்கும் ஒரே தானியம்தான். உமி நீக்கிய ஓட்ஸை இரண்டு மூன்று துண்டாக வெட்டினால் ஸ்டீல் கட். நம் குருணை மாதிரி இருக்கும். ஆவியில் வேகவைத்து உருளையில் அமுக்கித் தட்டினால் ரோல்டு; இது அவல் மாதிரி. அதையே இன்னும் மெலிதாக்கினால் குயிக். முன்கூட்டியே வேகவைத்து உலர்த்தி, வெந்நீர் ஊற்றினாலே குழைந்துவிடும்படி செய்தால் இன்ஸ்டன்ட். மெலிய மெலிய அடுப்பில் சீக்கிரம் வேகும். வயிற்றிலும் சீக்கிரம் கரைந்து இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சாப்பாடு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு ஸ்டீல் கட், ரோல்டு இரண்டுக்கும் சுமார் 55 என்றால், இன்ஸ்டன்டுக்கு 75ஐ ஒட்டி வருகிறது.

அன்றாடத்துக்கு ரோல்டு போதும். ஸ்டீல் கட் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. இரவே ஊறப்போட்டு, காலையில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் வைத்து, குக்கரில் மூன்று விசில் விட்டால் வெந்துவிடும்.

மசாலா பாக்கெட்டை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் பிரச்சினை உப்பு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு, அதாவது 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் என்ற வரியைப் பாருங்கள். அப்புறம், சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வருகிற வரிசையில்தான் அச்சடிப்பார்கள். சீனி மேலேயே வந்தால் அந்தப் பாக்கெட்டை வைத்துவிடுங்கள்.

எப்போதும் சின்னப் பாக்கெட்டாகவே வாங்குங்கள். ஓட்ஸில் 100 கிராமுக்கு 7 கிராம் அளவுக்குக் கொழுப்பு உண்டு; அரிசியில் ஒரு கிராம்கூடக் கிடையாது. நம் ஊர் வெயிலில் திறந்து வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். வாயில் கசந்தால் குப்பையில் போட வேண்டியதுதான்.

எப்படிச் செய்தாலும் கொழகொழவென்று பசை மாதிரி ஆகிவிடுகிறது. பிள்ளைகள் தொட மாட்டேன் என்கிறார்கள்.
(அம்பாசமுத்திரம் வாசகி)

அந்தக் கொழகொழப்புதான் ஓட்ஸின் விசேஷமே. பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து தண்ணீரை இழுத்துக்கொண்டு அப்படி ஆகிறது. அதைக் கழுவி வெளியேற்றிவிடாமல் பக்குவம் மட்டும் மாற்றுங்கள்.

முதலில் வெறும் இருப்புச்சட்டியில், சிறு தீயில், வாசனை வரும்வரை நாலைந்து நிமிடம் வறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போடுங்கள். பச்சைத் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் பசை கூடும். போட்டபின் ஓயாமல் கிண்டாதீர்கள். கிண்டக் கிண்ட மாவு பிரியும். உப்புமாவாக வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தாளிப்பும் காய்களும் வெந்தபின் வறுத்த ஓட்ஸைப் போட்டு, கையால் தண்ணீர் தெளித்துத் தெளித்து, மூடிவைத்து இறக்குங்கள். உதிரி உதிரியாக வரும்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. மேலப்பாளையம் வீடுகளில் நோன்புக் கஞ்சி சாப்பிட்டவர்களுக்கு அந்த மணம் மறக்காது. அதே வழியில் ஓட்ஸைக் காய்ச்சலாம். இரண்டு பேருக்கு ஒரு கப் ஓட்ஸ், இரண்டு மேசைக்கரண்டி சிறுபருப்பு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஆறு பல் வெள்ளைப்பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு கை சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, ஒரு கேரட். பருப்பையும் வெந்தயத்தையும் நாலு கப் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். வெங்காயம், பூண்டு, இஞ்சி, தக்காளியைக் கொஞ்சம் நல்லெண்ணெயில் வதக்கி, கேரட்டோடு அதில் சேர்த்து, வறுத்த ஓட்ஸைப் போட்டு ஐந்து நிமிடம் வைத்தால் போதும். சொதிக்குச் செய்வதுபோல, அடுப்பை அணைத்தபின் கால் தம்ளர் தேங்காய்ப்பால் ஊற்றி, மல்லித்தழையும் புதினாவும் கிள்ளிப் போடுங்கள். தொட்டுக்கொள்ளக் காணத் தொவையல் (கொள்ளுத் துவையல்) இருந்தால் வேறு எதுவும் கேட்காது. கஞ்சியின் வழவழப்பை அந்தத் தொவையலின் சொரசொரப்பு சரிக்கட்டிவிடும். பிள்ளைகளுக்கும் அப்படியே கொடுத்துப் பாருங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, சுகர் இருக்கிறது. இட்லி தோசையை நிறுத்திவிட்டு மூன்று மாதமாகக் காலையில் பாலில் ஓட்ஸ் மட்டும் கொடுக்கிறோம். சீனிக்குப் பதில் கருப்பட்டிதான் போடுகிறோம். ஆனாலும் பதினொரு மணிக்குக் கை நடுங்குகிறது, வேர்க்கிறது என்கிறார்கள். சாப்பிடவே விருப்பமில்லாமல் இருக்கிறார்கள்.
(தென்காசி வாசகி)

அம்மா, முதலில் அந்த நடுக்கத்தைக் கவனியுங்கள். அது பசி மட்டுமாக இருக்காது. மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே இருக்க, சாப்பாடு குறைந்துவிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும். நடுக்கம் வந்த உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்துக்குச் சீனிதான் மருந்து, பயப்படாதீர்கள். மீட்டர் கையில் இல்லையென்றாலும் காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள். அந்த எண்களை எழுதி இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

இனி கிண்ணத்துக்கு வருவோம். 40 கிராம் ஓட்ஸில் சுமார் 150 கலோரி, 5 கிராம் புரதம், 4 கிராம் நார்ச்சத்து. காலை முழுவதும் தாங்க இது பற்றாது. ஓட்ஸின் அளவை ஏற்றாமல் கூடப் பருப்பையும் காயையும் சேர்க்க வேண்டும். 40 கிராம் ஓட்ஸுக்கு 20 கிராம் சிறுபருப்பு போட்டு, நல்லமிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி சேர்த்துப் பொங்கல் மாதிரி செய்துகொடுங்கள். முட்டை சாப்பிடுவார்கள் என்றால் அவித்த முட்டை ஒன்று. இல்லையென்றால் அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி.

கருப்பட்டி பற்றிச் சொன்னால் நம் பக்கத்தில் பலருக்கு மனசு கஷ்டப்படும். பனையோடு வளர்ந்த எனக்கும் அது உயிர்தான். ஆனால் பதநீரைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரையே. சீனியில் இல்லாத தாது உப்புகள் கொஞ்சம் அதில் உண்டு. அதற்காக இரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. அம்மாவின் ஓட்ஸை உப்புக் கஞ்சியாக மாற்றிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

கடைசியாக ஒன்று, இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. வீட்டில் எல்லாரும் தோசை சாப்பிடும்போது ஒருவருக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் பத்தியம் வைத்தால், அவர் விருப்பத்தோடு எப்படிச் சாப்பிடுவார்? இட்லியை முழுக்க நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. வாரத்தில் மூன்று நாள் இரண்டு இட்லியும், பருப்பும் காயும் நிறைய போட்ட சாம்பார் ஒரு கிண்ணமும் கொடுங்கள். மற்ற நாட்களில் ஓட்ஸ் பொங்கலை வீட்டில் எல்லாருக்கும் சேர்த்தே வையுங்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்தால் எது ஒத்துக்கொள்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஓட்ஸ் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
(சங்கரன்கோவில் வாசகர்)

நிறுத்தக் கூடாது ஐயா. ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் உள்ளே போனால் கெட்ட கொலஸ்ட்ரால் குறையும் என்பது உண்மை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997லேயே இதைப் பாக்கெட்டில் அச்சிட அனுமதி கொடுத்தது. குடலில் பித்த நீரைப் பிடித்து வெளியே தள்ளுவதால், புதிதாகப் பித்தம் சுரக்க ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. ஆனால் 3 கிராமுக்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் தினமும் வேண்டும். கிடைக்கிற குறைவும் சில சதவீதமே. மாத்திரையின் வேலை அதைவிட மிகப் பெரியது. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

இரவே ஊறவைத்துக் காலையில் அப்படியே சாப்பிடுகிற முறை நம் ஊருக்குச் சரிவருமா?
(நாங்குநேரி வாசகர்)

பழையதும் மோரும் சாப்பிட்ட ஊருக்கு இது சரிவராமல் வேறு எதற்குச் சரிவரும்? ரோல்டு ஓட்ஸ் ஆவியில் வெந்ததுதான் என்பதால் ஊறினாலே போதும். ஆனால் சித்திரை வைகாசியில் பாலில் ஊறவைத்து அடுக்களையில் வைத்தால் விடியுமுன் கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டியில் மூடிவைப்பது கட்டாயம். பெட்டி இல்லாத வீட்டில் இந்த முறையே வேண்டாம், காலையில் ஐந்து நிமிடம் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

பாலைவிடத் தயிர் நன்றாக வரும். அரைக் கப் ஓட்ஸ், அரைக் கப் தயிர், அரைக் கப் தண்ணீர். காலையில் உப்பு, நறுக்கிய வெள்ளரி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, கடுகு கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். இனிப்பு வேண்டுமானால் களக்காட்டு ஏத்தன் பழம் நன்றாகக் கனிந்தது பாதி, நறுக்கிப் போட்டால் சீனியே தேவைப்படாது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நாட்களில் மட்டும் இந்தக் குளிர்ந்த சாப்பாட்டைத் தள்ளிவைத்து, சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட சூடான கஞ்சிக்குப் போங்கள்.

பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் மட்டும்தான் இருக்கிறது.
(கல்லூரி மாணவி)

அதுவே போதும் தங்கச்சி. மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் அரைக் கப் குயிக் ஓட்ஸ் போட்டு, ஒரு கப் கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடிவை. ஊருக்குப் போய் வரும்போது வறுத்த நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் பொடித்து, உப்பும் சீரகமும் கலந்து ஒரு டப்பா கொண்டுவந்துவிடு. இரண்டு கரண்டி அதில் போட்டுக் கலந்தால் புரதமும் ஆயிற்று, ருசியும் ஆயிற்று. கெட்டிலுக்குள் ஓட்ஸைப் போட்டுக் கொதிக்கவிடாதே. பொங்கி வழிந்து அடிப்பிடிக்கும்.

தைராய்டு மாத்திரை போட்ட உடனே ஓட்ஸ் சாப்பிடலாமா?
(வள்ளியூர் வாசகி)

மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். நார்ச்சத்து, பால், காப்பி மூன்றுமே மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

எட்டு மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?
(முக்கூடல் வாசகி)

கொடுக்கலாம். பொடித்து, தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவைத்து, ஆறியபின் தாய்ப்பால் கலந்து இரண்டு மூன்று கரண்டியில் தொடங்குங்கள். ஒரு வயது முடியும்வரை உப்பு, சீனி, கருப்பட்டி எதுவும் வேண்டாம். தேன் கண்டிப்பாகக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தையின் நரம்புகளைத் தாக்கும். ஆச்சிமார் நாக்கில் தொட்டுவைக்க ஆசைப்பட்டாலும் எடுத்துச் சொல்லுங்கள்.

கம்பும் குதிரைவாலியும் விளைகிற மண்ணில் எங்கேயோ விளைகிற ஓட்ஸ் எதற்கு?
(மானூர் விவசாயி)

ஐயா, உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கம்பில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் புரதமும் 11 கிராம் நார்ச்சத்தும் உண்டு. ஓட்ஸும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பீட்டா குளுக்கான் ஒன்றுதான் ஓட்ஸில் கூடுதல், அது பார்லியிலும் நிறைய இருக்கிறது. கொலஸ்ட்ரால் தொந்தரவு இல்லாத வீட்டில் கம்மங்கஞ்சி குடிப்பவர்களை ஓட்ஸுக்கு மாறச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் கம்பு ஏன் அடுக்களையை விட்டுப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து உரலில் இட்டு, தண்ணீர் தெளித்துக் குத்தி, தவிடு புடைத்து, காய்ச்சி எடுத்தது நம் ஆச்சிகளும் அம்மாக்களும்தான். இன்று வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஐந்து நிமிடத்தில் வேகிற பாக்கெட் கிடைத்தபோது அவள் அதை எடுத்துக்கொண்டாள். அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கம்பு திரும்ப வர வேண்டுமென்றால் அதையும் ஐந்து நிமிட வேலையாக்கித் தர வேண்டும். உங்கள் ஊர் மில்லில் தவிடு முழுக்கப் போகாமல் குருணையாக உடைத்து, வறுத்து, கால் கிலோ கால் கிலோவாகக் கட்டிக் கொடுங்கள். இரவு ஊறப்போட்டுக் காலையில் குக்கரில் நாலு விசில் விட்டு, ஆறியபின் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கலாம். ஊறப்போடுகிற வேலையை வீட்டில் ஆண்பிள்ளைகளும் செய்யலாம்.