எரிச்சலைவிட அந்தக் கருப்பு மலம்தான் முக்கியம்

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது ஒரே ஒரு வரி: "போன மாதம் மூன்று நாள் மலம் தார் போலக் கருப்பாகப் போனது, பிறகு சரியாகிவிட்டது." அதை ஏப்பத்துக்கும் நாக்கில் படியும் வெள்ளைக்கும் நடுவே எழுதியிருக்கிறீர்கள். மூட்டுவலிக்கு எட்டு மாதங்களாக நீங்களே டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கி விழுங்குவதையும் போகிற போக்கில் சொல்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

இரைப்பைப் புண்ணில் கசியும் ரத்தம் அமிலம் பட்டுக் கருத்துவிடும். அதனால்தான் சிவப்பாக வராமல் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் போகிறது. இரைப்பையின் உட்சுவரை அதன் அமிலத்திடமிருந்தே காப்பது ஒரு சளிப்படலம். அது சுரக்கத் தேவையான புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை வலி மாத்திரை குறைத்துவிடுகிறது. வலியையும் அதுவே அடக்கிவிடுவதால் புண் இருப்பதே தெரியாமல் ரத்தம் போகும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும். நீங்கள் கொடுத்த மருந்துப் பட்டியலில் அது இல்லை. டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். இந்த வாரமே இரைப்பை மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின் பரிசோதனையும் எண்டோஸ்கோபியும் செய்துகொள்ளுங்கள். மறுபடி கருப்பாகப் போனாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ, எழுந்து நின்றதும் தலை சுற்றினாலோ, நள்ளிரவானாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை நிறுத்தினால் வயிறு எரிகிறதே, புற்றுநோயோ என்று பயப்படுகிறீர்கள். அந்த எரிச்சல் புற்றுநோயின் அடையாளம் அல்ல. உணவு வயிற்றுக்குள் போனதும் இரைப்பையின் கீழ்ப்பகுதி காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை எழுப்ப, அமிலச் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. அமிலம் போதுமான அளவு சேர்ந்ததும் சோமாட்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து காஸ்ட்ரினை அடக்கும். நீங்களோ இரண்டு ஆண்டுகளாக மாத்திரையால் அமிலத்தைத் தடுத்துவருகிறீர்கள். அடக்க ஆள் இல்லாமல் காஸ்ட்ரின் ஏறிக்கொண்டே போகிறது. மாத்திரையைத் திடீரென்று விட்டதும் தேங்கிக் கிடந்த அத்தனை தூண்டுதலும் ஒரே நேரத்தில் அமிலமாகிறது. சில வாரங்களில் அது தானே தணியும். பரிசோதனை முடியும்வரை மாத்திரையை விடாதீர்கள். காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு சாப்பிடுங்கள். பிறகு மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

உங்களுக்கு அமிலமே போதவில்லை, ஆப்பிள் சிடர் வினிகர் குடியுங்கள் என்று சொன்ன வீடியோவை இனிமேல் பார்க்காதீர்கள். புண் இருக்கக்கூடிய வயிற்றில் யாராவது புளிக்காடியை ஊற்றுவார்களா? ஏப்பம், நாக்கு இரண்டையும் மறந்துவிடுங்கள். காரக்குழம்புதான் காரணம் என்று வீட்டில் திட்டுவதும் சரியல்ல. பெரும்பாலான இரைப்பைப் புண்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி அல்லது வலி மாத்திரைதான். அந்தக் கிருமியைக் கண்டறிந்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். பான்டோபிரசோல் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லுங்கள். அது உடலில் இருந்தால், கிருமி இருந்தும் பரிசோதனையில் இல்லை என்று வரக்கூடும்.