‘எனக்குக் கணக்கு வராது மிஸ்’

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறேன். மெல்லக் கற்போர் பட்டியலில் உள்ள மாணவர்களுக்கு மாலையில் தனி வகுப்பும் எடுக்கிறேன். எதைக் கொடுத்தாலும், “எனக்குக் கணக்கு வராது மிஸ்” என்று பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். முயன்றால் முடியும் என்று பேசிப் பார்த்தேன். சுவரில் வாசகங்களும் எழுதி ஒட்டினேன். பலனில்லை. என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

“வராது” என்று அந்த மாணவர் சொல்வதைச் சோம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டுக்கணக்கில் கைக்கு வந்த விடைத்தாள்களைப் பார்த்து அவராகவே வந்து சேர்ந்த முடிவு அது. அந்த முடிவை ஒரு மாலைப் பேச்சோ சுவர் வாசகமோ அசைத்துவிடாது. ஆகவே விடைத்தாளிலிருந்தே தொடங்குங்கள்.

இருபடிச் சமன்பாட்டைச் சரியாகக் காரணிப்படுத்திய மாணவர், கடைசி வரியில் மூலங்களின் குறியை மட்டும் மாற்றி எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பொதுத்தேர்வில் படிநிலை மதிப்பெண் உண்டு என்பதால் அவருக்கு முழு மதிப்பெண்ணும் போய்விடாது. ஆனால் வகுப்புத் தேர்வில், நேரமின்மையால், விடை முழுவதன் மேலும் ஒரு சிவப்புக் கோடு விழுகிறது. அவர் செய்தவற்றில் எது சரி என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது. அதற்குப் பதிலாக, “இந்த வரி வரை சரி” என்று ஓரத்தில் எழுதி, அடுத்த வரியை மட்டும் வட்டமிட்டு, அதைத் திருத்தி மறுநாள் கொண்டுவரச் சொல்லுங்கள். திருத்தியதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள். நாற்பது தாளுக்கும் இப்படிச் செய்ய நேரமிருக்காது என்பது தெரிந்ததே. தேர்வுக்கு ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் செய்தால் போதும்.

அடுத்தது பாராட்டு. உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிரிவினரை “நீ புத்திசாலி” என்றும், இன்னொரு பிரிவினரை “நன்றாக உழைத்திருக்கிறாய்” என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான வடிவப் புதிர்களில் தோற்றபோது, முதல் பிரிவினர்தான் அதிகம் சோர்ந்தார்கள். பெற்ற மதிப்பெண்ணை உள்ளதைவிடக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். இதைப் படித்த பலர் உழைப்பை மட்டும் புகழ்ந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. தவறான வழியில் பத்து முறை முயன்றவரிடம் “நல்ல முயற்சி” என்று சொல்லி அனுப்பினால், முயன்றும் வரவில்லையே என்றுதான் நினைப்பார். “காரணிகளைக் கண்டுபிடித்ததும் அவற்றைப் பெருக்கிச் சரிபார்த்தாயே, அது நல்ல பழக்கம்” என்பதுபோல, அவர் கையாண்ட வழியைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். வழி தவறென்றால் வேறு வழியைக் காட்டுங்கள்.

வெறும் பேச்சின் பலன் எவ்வளவு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 12,000-க்கும் அதிகமான ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், அறிவுத்திறன் வளரக்கூடியது என்பதைப் பற்றிய ஒரு மணி நேரத்திற்கும் குறைவான இணையவழிப் பயிற்சி சோதிக்கப்பட்டது. பின்தங்கியவர்களின் மதிப்பெண் உயர்ந்தது, ஆனால் சிறிதளவே. அதே மாணவர்களின் தரவை வைத்து 2022-இல் வெளியான ஆய்வு உங்களுக்கு இன்னும் பயன்படும்: கணித ஆசிரியருக்கே அந்த நம்பிக்கை இருந்த வகுப்புகளில்தான் கணித மதிப்பெண்ணில் பலன் தெரிந்தது.

அந்த நம்பிக்கை நமக்கு இருக்கிறதா என்பதை மாணவர்கள் நாம் கொடுக்கும் வேலையைப் பார்த்தே கணித்துவிடுகிறார்கள். மாலை வகுப்பில் பெரும்பாலும் செய்முறை வடிவியலும் வரைபடமும்தானே நடக்கின்றன? இரண்டும் சேர்த்து 16 மதிப்பெண். 35-ஐ எட்டுவதற்கு அவை பெரிய துணை. அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். தேர்ச்சி பெறாத பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் தேர்ச்சிக்கான குறைந்தபட்சப் பாடத்தை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால், இதற்கு மேல் இவர்களால் ஆகாது என்று நாமே சொன்னதாகிவிடும். வாரத்தில் ஒரு மாலையாவது, மற்ற மாணவர்களுக்குக் கொடுக்கும் அதே ஐந்து மதிப்பெண் கணக்கை இவர்களுக்கும் கொடுங்கள். எங்கே நின்றுவிட்டார்களோ அந்த வரியைக் கரும்பலகையில் எழுதச் சொல்லி, அங்கிருந்து எல்லோருமாகத் தொடருங்கள். மெல்லக் கற்போர் பட்டியல் அலுவலகக் கோப்பில் இருக்கட்டும். வகுப்பில் அதைப் படிக்க வேண்டாம்.