பட்டறை கேள்வி - பதில்: பழைய லேத்துக்குக் கிளட்ச்

கேள்வி: வீட்டுப் பட்டறையில் பழைய பெல்ட் லேத் ஓட்டுகிறேன். 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், 75 மி.மீ. புல்லியிலிருந்து, லேத்துக்கு ஓட்டம் கொடுக்கும் இடைத்தண்டான கவுண்டர் ஷாஃப்டின் 225 மி.மீ. புல்லிக்கு ஏ-பெல்ட் (காடியில் ஓடும் வி-பெல்ட்). அளவு பார்க்க அடிக்கடி நிறுத்திக் கிளப்புவதால், மோட்டாரைக் கிளப்பும் கெபாசிட்டர் போய்க்கொண்டே இருக்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கிறது. பழைய பைக் கிளட்சை மாட்டலாமா, அண்ணாச்சி?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பைக் கிளட்ச் வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் அது எண்ணெயில் முங்கி ஓடுவது. வெளியே வைத்தால் தட்டு கருகும். சிக்னலில் சில நொடி விடுவித்துப் பிடிப்பது வேறு. லேத்தில் நீங்கள் அளந்து முடிக்கும் வரை கிளட்ச் ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும், அதை விடுவிக்கும் தள்ளு பேரிங் மேலேயே இருக்கும்.

உங்களுக்குப் பெல்ட்டைத் தளர்த்தி இறுக்கும், ஸ்பிரிங் போட்ட லீவரில் மாட்டிய ஜாக்கி புல்லியே போதும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், வேலைத்துண்டைப் பிடித்துச் சுழலும் சக் மட்டும் நிற்கும். 230 வோல்ட் 180 ஆனால் மோட்டாரின் கிளம்பும் முறுக்கு சுமார் 61 சதவீதமாகிவிடும். சுமை இல்லாமல் கிளம்பினால் அதுவே தாராளம்.

ஜாக்கி புல்லி காடியில்லாத தட்டைப் புல்லியாக, 100 மி.மீ. விட்டத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். சின்னதாகப் போட்டால் பெல்ட் முதுகுப்பக்கம் மடங்கி வெடிக்கும். அகலம் 25 மி.மீ., உள்ளே இரண்டு 6203 பேரிங். பெல்ட்டின் தொய்வுப் பக்கத்தில், அதாவது மோட்டார் புல்லியை விட்டு வெளியேறும் பக்கத்தில், வெளியிலிருந்து அழுத்த வேண்டும். மோட்டாருக்குக் கிட்டே இருப்பது நல்லது. இழுபக்கத்தில் வைத்தால் வெட்டு ஏறும்போதெல்லாம் லீவர் உதைத்துத் திறக்கும். மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டினாலும் இதே கதிதான்.

மோட்டாரைக் கவுண்டர் பக்கம் 10 மி.மீ. நகர்த்தினால் பெல்ட்டில் 20 மி.மீ. தொய்வு கிடைக்கும். ஜாக்கி அதை 60 மி.மீ. வரை உள்ளே தள்ள வேண்டிவரும். எதிர்ப்பக்கப் பெல்ட்டில் இடிக்காமல் பாருங்கள். தேவையான அழுத்தம் 10 கிலோவுக்குள்தான். லீவர் ஸ்பிரிங்கின் முனை பிவட்டை (லீவர் திரும்பும் அச்சை) தாண்டி மறுபுறம் போகும்படி மாட்டினால், லீவர் இரண்டு நிலையிலும் தானாக நிற்கும். 25 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பியில் வழக்கமான வெட்டுக்கு வழுக்காமலும், டூல் சிக்கினால் வழுக்கியும் கொடுக்கிற இறுக்கமே சரி.

பலரும் விட்டுவிடுவது பெல்ட் காவலை. 8 மி.மீ. கம்பியை வளைத்து, மோட்டார் புல்லியைச் சுற்றிய பெல்ட்டுக்கு வெளியே, இறுகிய நிலையில் 3 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். தளர்ந்த பெல்ட் அதில் முட்டிக் காடியை விட்டு விலகும். காவல் இல்லையென்றால் பெல்ட் சுழலும் புல்லியிலேயே ஒட்டிக்கொண்டு உரசும். நின்றதாக நினைத்த சக் மெல்ல நகரும். கை வைத்திருக்கும் நேரத்தில் அது விரலை எடுத்துவிடும். வேலைத்துண்டு மாற்றவும் சக் சாவி போடவும் மெயின் சுவிட்சையே அணையுங்கள்.

கேள்வி: லீவரோடு பிரேக்கும் சேர்க்கலாமா?
- வாசகர், பேட்டை

பதில்: முதலில் சக் எப்படி மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். மரையில் திருகியதென்றால், சுழலும்போது ஸ்பிண்டிலை (சக் மாட்டிய தண்டை) பட்டென்று நிறுத்தினால் சக் தன் வேகத்தில் கழன்று வந்துவிடும். பிளேட்டில் போல்ட் போட்டுப் பூட்டியதென்றால், கவுண்டர் ஷாஃப்டில் ஒரு டிரம்மும் பட்டையும் வைத்து மெதுவாகப் பிடிக்கலாம். மரை சக்குக்குப் பிரேக்கே வேண்டாம். பெல்ட் தளர்ந்தபின் தானாக நிற்கட்டும்.