முள்ளை மாற்றினேன், பாப்பர் முங்குகிறது!

கேள்வி: ஏரியில் விராலுக்கு பாப்பர் (தண்ணீர்மேல் மிதந்து சத்தம் எழுப்பும் லூர், அதாவது செயற்கை இரை) போடுகிறேன். கூடவே வந்த ட்ரெபிள் முள் (மூன்று நுனி உள்ள தூண்டில் முள்) ஒரு பெரிய மீனிடம் நிமிர்ந்துவிட்டது. தடித்த கம்பியில் பெரிய சைஸ் மாட்டினேன். இப்போது பாப்பர் பாதி முங்கிக் கிடக்கிறது, ‘பொளக்’ சத்தமே இல்லை. தப்பு முள்ளிலா, பாப்பரிலா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: ரெண்டிலும் இல்லை, ஜோடிதான் பொருந்தவில்லை. மேல்தண்ணீரில் ஓடும் லூரைச் செய்யும்போதே முள்ளின் எடையையும் சேர்த்துத்தான் மிதப்பைக் கணக்குப் போடுகிறார்கள். எட்டு, பத்து கிராம் பாப்பரில் அரை கிராம் கூடினாலே அது உட்காரும் விதம் மாறிவிடும். நகை நிறுக்கிற குட்டி டிஜிட்டல் தராசு கிடைத்தால் பழைய முள்ளையும் புது முள்ளையும் வைத்துப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். தடித்த கம்பிதான் வேண்டும் என்றால் சைஸை ஒரு படி குறையுங்கள், அதாவது 4-க்குப் பதில் 6 (எண் ஏற ஏற முள் சின்னது; 1-ஐத் தாண்டி 1/0, 2/0 என்று போனால் பெரிது, கடைக்காரர்களே சில சமயம் மாற்றி எடுத்துக் கொடுப்பார்கள்). மாட்டியதும் ஏரிக்கு ஓடாமல் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள்: வால் கொஞ்சம் தாழ்ந்து, குழிவாய் நீர்மட்டத்தில் நிற்க வேண்டும். வயிற்று முள்ளையும் வால் முள்ளையும் ஒன்றை நோக்கி ஒன்று ஆட்டிப் பாருங்கள், நுனிகள் சிக்கிக்கொண்டால் அந்த சைஸ் ஆகாது.

பாசி அதிகம் என்றால் என் ஓட்டு சிங்கிள் முள்ளுக்குத்தான். பாசியை வாருவது குறையும், மீன் வாயிலிருந்து கழற்றுவதும் லேசு. ஆனால் லூருக்கென்றே வரும் இன்லைன் சிங்கிளாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண முள்ளை ஸ்பிளிட் ரிங்கில் (லூரில் முள்ளை மாட்டும் சின்ன வளையம்) கோத்தால் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்.

கேள்வி: தவளை லூரில் அடி விழுகிறது, மீன் மாட்டுவதில்லை. முள்ளை மாற்றலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மாற்ற வேண்டாம். அந்த இரட்டை முள் உடம்போடு ஒட்டிப் படுத்திருப்பதால்தான் தாமரை இலைமேல் சிக்காமல் வழுக்கி வருகிறது. புதுத் தவளையின் ரப்பர் விறைப்பாக இருக்கும், விரால் கடிக்கும்போது அமுங்காது, முள் வெளியே வராது. விரலால் பிசைந்து பழக்குங்கள், உள்ளே புகுந்த தண்ணீரையும் அவ்வப்போது பிழிந்துவிடுங்கள். அப்புறமும் நழுவினால் குறட்டால் நுனிகளை ஒரு மயிரிழை வெளியே திருப்பலாம், அதற்கு மேல் போனால் பாசி வாரும். தண்ணீர் தெறித்ததும் வெட்டி இழுக்காதீர்கள். தூண்டில் நரம்பில் கனம் தெரிந்த பிறகு இழுங்கள். இன்னொன்று, சிவப்பாக விரால் குஞ்சுக் கூட்டம் கொதிக்கிற இடத்தில் தவளையைப் போடாதீர்கள். தாய் தகப்பன் பசிக்கு அடிப்பதில்லை, காவலுக்கு அடிக்கின்றன. அவற்றைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

கேள்வி: இதே பாப்பரைக் கடலில் பாறை மீனுக்குப் போடலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: சின்னப் பாறை மீனுக்குப் போடலாம், முள்ளை மட்டும் உப்புநீருக்கானதாக மாற்றி. ஏரி முள் சீக்கிரமே துருவேறும். வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். நுனியைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள்: பிடித்தால் சரி, வழுக்கினால் தீட்டுங்கள், துருவே ஏறியிருந்தால் தூக்கிப் போடுங்கள். ஸ்பிளிட் ரிங்கையும் சேர்த்துப் பாருங்கள், முள் தாங்கினாலும் அது விரிந்துவிடும்.